எலிக்குக் கேட்காத மோட்சார்ட்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநராக இருந்த ஜெல் மில்லர், 1998-ஆம் ஆண்டு ஜனவரியில் சட்டமன்றத்தின் முன் வைத்த நிதிநிலைத் திட்டத்தில் 1,05,000 டாலருக்குப் புதுமையான ஒரு செலவைச் சேர்த்திருந்தார். மாநிலத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும் மேற்கத்திய செவ்வியல் இசை அடங்கிய ஒலிநாடாவோ குறுந்தகடோ இலவசமாக அனுப்புவதற்கான செலவு அது. மிக இளம் வயதில் இசை கேட்பது, கணிதத்துக்கும் பொறியியலுக்கும் அடிப்படையான சிந்தனைத் திறனை வளர்க்கும் என்பது அவர் முன்வைத்த காரணம்.

ஒரு மாநில அரசின் வரவு செலவில் இந்தத் தொகை தூசுக்குச் சமம். ஆயினும் நிதிநிலை அறிக்கைகளைப் படிப்பதையும் படிப்பிப்பதையுமே தொழிலாகக் கொண்டிருந்த எனக்கு, பெருந்தொகைகளைவிட இத்தகைய சிறுதொகைகளே ஆர்வமூட்டும். பெருந்தொகைக்குப் பின்னால் பல தரப்பினரின் பேரம் இருக்கும். சிறுதொகைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு நம்பிக்கை மட்டுமே இருக்கும். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் சுவையான செய்திகள் கிடைக்கும். இந்தத் தேடல் என்னை எலியின் மூளை வரை கொண்டுபோய் விட்டது.

நம்பிக்கையின் தொடக்கம் 1993-இல் 'நேச்சர்' ஆய்விதழில் வெளியான ஒரு சிறு குறிப்பு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் ஃபிரான்சிஸ் ரோஷர் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 36 கல்லூரி மாணவர்களை 10 நிமிடம் மோட்சார்ட்டின் இசையைக் கேட்க வைத்தனர். இரண்டு பியானோக்களுக்காக எழுதப்பட்ட, கே.448 என்று எண்ணிடப்பட்ட சொனாட்டா அது. கேட்டு முடித்ததும் கொடுத்த இடஞ்சார் பகுத்தறிவுத் தேர்வில் அவர்களின் மதிப்பெண் சற்றுக் கூடியிருந்தது. கூடிய திறன் 10 முதல் 15 நிமிடத்துக்குள் மறைந்துவிட்டது. அந்த ஆய்வில் கைக்குழந்தைகள் எவரும் பங்கேற்கவில்லை.

1998-இல் அதே ரோஷர் எலிகளைக் கொண்டு மற்றோர் ஆய்வை வெளியிட்டார். கருவில் இருந்தபோதும், பிறந்த பின் 60 நாள்களும் அதே சொனாட்டாவைக் கேட்ட எலிகள், வெற்றிரைச்சலையோ வேறுவகை இசையையோ அமைதியையோ கேட்டு வளர்ந்த எலிகளைவிட விரைவாகச் சிக்கல்வழிப் புதிரைக் கடந்தன என்பது அதன் முடிவு. மாணவர்கள் பற்றிய ஆய்வில் இல்லாதிருந்த 'இளம் மூளை' இங்கே வந்து சேர்ந்தது.

இந்த ஆய்வைப் பற்றி, வட கரோலினாவில் உள்ள அப்பலாச்சியன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் கென்னத் ஸ்டீல் 2003-இல் ஒரு கேள்வி எழுப்பினார். எளிய கேள்விதான்: அந்த எலிகளுக்கு மோட்சார்ட் கேட்டதா? எலிக்குட்டி பிறக்கும்போது செவிடு. அதன் செவித்துளை திறப்பதற்கே பிறந்து ஏறத்தாழ 12 நாள்கள் ஆகும். எனவே கருவில் கேட்ட இசை என்பது பொருளற்றது. வளர்ந்த எலியின் கேட்கும் எல்லையை அந்தச் சொனாட்டாவின் சுரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த ஸ்டீல், பெரும்பாலான சுரங்கள் எலியின் காதுக்கு எட்டாதவை என்று காட்டினார்.

இதைப் புரிந்துகொள்ளச் சிறிது கணக்குப் பார்க்க வேண்டும். ஒலி என்பது காற்றில் உண்டாகும் அதிர்வு. ஒரு நொடியில் எத்தனை அதிர்வு என்பதே அதிர்வெண். அதை ஹெர்ட்ஸ் என்ற அலகால் அளக்கிறோம். அதிர்வெண் கூடினால் சுருதி உயரும். இரட்டித்தால் ஒரு ஸ்தாயி மேலே போகும். மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். பியானோவின் மிகத் தாழ்ந்த கட்டை 27.5 ஹெர்ட்ஸ், மிக உயர்ந்த கட்டை 4,186 ஹெர்ட்ஸ். நடுக்கட்டை 340 ஹெர்ட்ஸுக்கு அருகில் வருகிறது.

எலியின் உலகம் வேறு. நாம் பேசிக்கொள்ளும் அளவு உரத்த ஒலியை எடுத்துக்கொண்டால், எலிக்கு ஏறத்தாழ 500 ஹெர்ட்ஸில்தான் கேட்கவே தொடங்குகிறது. அங்கிருந்து 60,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் அது நன்றாகக் கேட்கும். ஏறத்தாழ 7 ஸ்தாயிகள். ஆக, பியானோவின் இடப்புறப் பாதி முழுதும் எலிக்கு ஊமை. அந்தச் சுரங்களோடு ஒலிக்கும் மேல்சுரங்களில் சில அதன் காதில் விழலாம். நாம் கேட்கும் மோட்சார்ட் விழாது. அதே வேளையில், எலியின் கேட்டல் திறன் கூர்மையாக இருக்கும் பகுதி பியானோவின் கடைசிக் கட்டையையும் தாண்டித்தான் தொடங்குகிறது.

ஏன் இப்படி என்பதற்கு ரிக்கி ஹெஃப்னர், ஹென்றி ஹெஃப்னர் என்ற இணையர் பல பாலூட்டிகளை ஒப்பிட்டு ஒரு விளக்கம் தந்திருக்கிறார்கள். ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதை அறிய, இரு காதுகளிலும் அது விழும் விதத்தில் உள்ள வேறுபாடு உதவுகிறது. தலை ஒலியை மறைத்து ஒரு பக்கம் நிழல் விழச் செய்ய வேண்டுமானால், அலையின் நீளம் தலையைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 34 சென்டிமீட்டர். எலித்தலை அதற்கு ஒரு பொருட்டே அல்ல. 40,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. சிறுதலை விலங்குகள் உயர் அதிர்வெண்களைக் கேட்டே ஆகவேண்டிய நிலையில் இருக்கின்றன. எலிகள் தமக்குள் பேசிக்கொள்வதும் அங்கேதான். ஆபத்தை உணரும்போது 22,000 ஹெர்ட்ஸ் அளவிலும், விளையாட்டிலும் மகிழ்ச்சியிலும் 50,000 ஹெர்ட்ஸ் அளவிலும் அவை குரலெழுப்புகின்றன. எலிகளுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டி இந்த இரண்டாம் வகைக் குரலைப் பதிவு செய்த யாக் பாங்க்செப் அதைச் சிரிப்பு என்றே கூறத் துணிந்தார். சக விஞ்ஞானிகள் பலர் முகம் சுளித்தனர் என்றாலும், அந்தக் குரலின் அதிர்வெண்ணில் ஐயமில்லை. நம் வீட்டுப் பரணில் இரவில் நடக்கும் உரையாடலில் பெரும்பகுதி நமக்குக் கேட்பதே இல்லை.

இனி மூளைக்கு வருவோம். காதுக்குள் நத்தையின் ஓடுபோல் சுருண்டிருக்கும் காக்ளியா என்ற உறுப்பில் நீளவாக்கில் ஒரு சவ்வு ஓடுகிறது. அதன் அடிப்பகுதி குறுகலாகவும் விறைப்பாகவும், நுனி அகலமாகவும் தளர்வாகவும் இருக்கும். புடாபெஸ்டில் தொலைபேசித் துறையின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கியோர்க் ஃபான் பெக்கெஷி, இறந்தோரின் செவிகளை எடுத்து, விட்டுவிட்டு ஒளிரும் விளக்கின் கீழ் வைத்து, ஒலி புகும்போது இந்தச் சவ்வில் அலை எப்படி ஓடுகிறது என்பதைக் கண்ணால் கண்டார். உயர்ந்த அதிர்வெண் அடிப்பகுதியிலும் தாழ்ந்த அதிர்வெண் நுனிக்கு அருகிலும் சவ்வை மிகுதியாக அசைக்கின்றன. அதாவது, சுருதி என்ற பண்பு சவ்வின்மேல் ஓர் இடமாக மாறுகிறது. 1961-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இதற்காகவே அவருக்குக் கிடைத்தது.

அந்த இட ஒழுங்கு காதோடு நின்றுவிடவில்லை என்பதுதான் வியப்பு. செவி நரம்பு, மூளைத்தண்டு, நடுமூளை, தலாமஸ் என்று பல நிலையங்களைத் தாண்டிப் பெருமூளையின் மேற்பரப்பில் உள்ள செவிப்புலப் புறணிக்குச் செய்தி வந்து சேரும்போதும், அக்கம்பக்கத்து அதிர்வெண்கள் அக்கம்பக்கத்திலேயே குடியிருக்கின்றன. அமெரிக்காவின் வூல்சியும் வால்சலும் 1942-இல் பூனையின் மூளையில் இதைக் காட்டினார்கள். எலிக்கு அத்தகைய விரிவான வரைபடத்தை 1988-இல் சாலியும் கெல்லியும் வெளியிட்டனர்.

செய்முறை பொறுமையைச் சோதிப்பது. மயக்க மருந்து கொடுத்த எலியின் மண்டையோட்டில் சிறு சாளரம் திறந்து, மயிரினும் மெல்லிய மின்முனையைப் புறணிக்குள் இறக்க வேண்டும். பிறகு வெவ்வேறு அதிர்வெண்களில் தூய சுரங்களை ஒலிக்கச் செய்து, மிக மெல்லிய ஒலிக்கும்கூட அந்த இடத்து நரம்புச் செல்கள் எந்த அதிர்வெண்ணில் துடிக்கின்றன என்று பார்க்க வேண்டும். அதுவே அந்த இடத்தின் சிறப்பு அதிர்வெண். குறித்துக்கொண்டு, மில்லிமீட்டரில் ஒரு பங்கு நகர்ந்து மீண்டும் தொடங்க வேண்டும். இப்படிப் பல புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்தபோது தெளிவான ஒழுங்கு தெரிந்தது. முதன்மைச் செவிப்புலப் பரப்பின் பின்புறத்தில் தாழ்ந்த அதிர்வெண்கள். முன்னோக்கி நகர நகர உயர்ந்த அதிர்வெண்கள். ஒரே அதிர்வெண்ணுக்குரிய செல்கள் மேலிருந்து கீழாக ஒரு பட்டைபோல் அமைந்திருக்கின்றன. அந்தப் பரப்புக்கு முன்னால் இருக்கும் அடுத்த பரப்பில் இதே வரிசை கண்ணாடியில் பார்த்தது போலத் தலைகீழாகத் திரும்புகிறது. எலியின் செவிப்புலப் புறணியில் இத்தகைய பரப்புகள் ஐந்து என்று 2007-இல் வெளியான மற்றோர் ஆய்வு வகுத்தது.

வரைபடம் ஹெர்ட்ஸ் கணக்கில் சமமாகப் பிரிக்கப்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 1,000-க்கும் 2,000-க்கும் இடையே உள்ள தொலைவும், 16,000-க்கும் 32,000-க்கும் இடையே உள்ள தொலைவும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கும். ஸ்தாயிக்கு ஸ்தாயி சமம். ஆர்மோனியத்தின் கட்டைகளைப் போல. சில மில்லிமீட்டர் நிலத்தில் எலி தன் ஒலியுலகம் முழுவதையும் பங்கிட்டு வைத்திருக்கிறது. அந்த நிலத்தில் மோட்சார்ட்டின் தாழ்சுரங்களுக்கு மனையே இல்லை.

நிலம், மனை, பங்கீடு என்ற சொற்கள் என்னையறியாமல் வந்து விழுகின்றன. பற்றாக்குறையான வளத்தை எப்படிப் பகிர்வது என்பதுதானே நான் படித்த துறையின் அடிப்படைக் கேள்வி. ஆனால் உவமையை அளவோடுதான் கொள்ள வேண்டும். மூளையில் திட்டக்குழு ஏதுமில்லை. வரைபடமும் நில அளவைத் துறையின் வரைபடம் போல உறுதியானதன்று. மெல்லிய ஒலிக்குத்தான் ஒவ்வொரு செல்லும் ஒரு குறுகிய அதிர்வெண்ணுக்கு மட்டும் பதில் சொல்லும். ஒலி உரக்க உரக்க, அது அக்கம்பக்கத்து அதிர்வெண்களுக்கும் துடிக்கத் தொடங்கும், எல்லைகள் மங்கும். மயக்கமருந்து இல்லாமல் விழித்திருக்கும் எலியிடம் அளந்தபோது, எந்த ஒரு கணத்திலும் 5 விழுக்காட்டுக்கும் குறைவான செல்களே வலுவாகத் துடிக்கின்றன என்று 2008-இல் தெரியவந்தது. 2010-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே சுண்டெலியின் புறணியை ஒவ்வொரு செல்லாகப் படம்பிடித்துப் பார்த்தன. தொலைவிலிருந்து சீராகத் தெரிந்த ஒழுங்கு, அருகில் சென்றபோது கலவையாகத் தெரிந்தது. அடுத்தடுத்த வீடுகளில் வெவ்வேறு சுருதிக்காரர்கள் குடியிருந்தார்கள். ஒரு மாவட்டத்தின் சராசரி வருமானத்தைக் கொண்டு ஒரு தெருவின் நிலையை ஊகிக்கக் கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. இங்கும் அதே எச்சரிக்கை பொருந்தும்.

இந்த வரைபடம் பிறப்பிலேயே எழுதி முடிக்கப்பட்டதா, அனுபவத்தால் மாறுவதா? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் முன்னணியில் நிற்பவர் சான் பிரான்சிஸ்கோவின் மைக்கேல் மெர்செனிக். 1998-இல் அவரும் மைக்கேல் கில்கார்டும், வளர்ந்த எலிகளுக்கு 9,000 ஹெர்ட்ஸ் சுரத்தை ஒலிக்கும்போதெல்லாம், கவனத்தைத் தூண்டும் வேதிப்பொருளைப் புறணிக்கு அனுப்பும் அடிமூளைப் பகுதி ஒன்றை மின்சாரத்தால் தூண்டினார்கள். சில வாரங்களில் 9,000 ஹெர்ட்ஸுக்குரிய பரப்பு வெகுவாக விரிந்தது. அண்டை அதிர்வெண்கள் ஒதுங்கி இடம் கொடுத்தன. வெறுமே சுரத்தைக் கேட்டால் வளர்ந்த எலியிடம் இம்மாற்றம் நிகழாது. 'இது முக்கியம்' என்ற முத்திரை கூடவே விழ வேண்டும்.

குட்டிகளின் கதை வேறு. மெர்செனிக்கின் குழு 2001-இல் எலிக்குட்டிகளை ஒரே அதிர்வெண்ணில் விட்டுவிட்டு ஒலிக்கும் சுரத்தைக் கேட்டு வளரச் செய்தது. முத்திரை எதுவும் தேவைப்படவில்லை. கேட்டதே போதுமானதாக இருந்தது. அந்த அதிர்வெண்ணின் பரப்பு விரிந்து, பெரியவை ஆன பிறகும் அப்படியே நிலைத்தது. இத்தகைய மாற்றத்துக்குக் கதவு திறந்திருக்கும் காலம் வியப்பூட்டும் அளவு குறுகியது. பிறந்த 11-ஆம் நாள் முதல் 13-ஆம் நாள் வரை என்று 2007-இல் கணித்தார்கள். செவித்துளை திறக்கும் அதே நாள்கள். கதவைத் திறந்தே வைத்திருக்கவும் முடியும் என்று 2003-இல் எட்வர்ட் சாங்கும் மெர்செனிக்கும் கண்டார்கள். ஓயாத மிதமான இரைச்சலில் வளர்ந்த குட்டிகளின் வரைபடம் முதிர்ச்சி அடையாமலே நின்றது. குழந்தைகளின் செவி, மொழி வளர்ச்சித் தாமதங்களில் சுற்றுப்புற இரைச்சலுக்கும் பங்கு இருக்கக்கூடும் என்று அவர்களே கருத்துத் தெரிவித்தார்கள். 'கூடும்' என்ற சொல்லை அழுத்திப் படிக்க வேண்டும்.

வளர்ந்த எலிகளைப் பற்றிய ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது 2006-இல் டேனியல் பாலியும் மெர்செனிக்கின் குழுவினரும் செய்தது. இரண்டு குழு எலிகளுக்கும் அதே சுரங்கள்தாம் ஒலித்தன. சுரங்கள் அதிர்வெண்ணிலும் வேறுபட்டன, உரப்பிலும் வேறுபட்டன. முதல் குழு குறிப்பிட்ட அதிர்வெண்ணைக் கண்டுகொண்டால் உணவு; இரண்டாம் குழு குறிப்பிட்ட உரப்பைக் கண்டுகொண்டால் உணவு. முதல் குழுவில் அந்த அதிர்வெண்ணுக்குரிய பரப்பு விரிந்தது. இரண்டாம் குழுவில் அதிர்வெண் வரைபடம் மாறவில்லை. உரப்பைப் பிரித்தறியும் பண்பு மாறியது. காதில் விழுந்தது ஒன்றே. எதைக் கவனித்தன என்பதில்தான் வேறுபாடு. வகுப்பறையில் 60 பேருக்கு ஒரே பாடத்தை நடத்திவிட்டு விடைத்தாள்களைத் திருத்திய எவருக்கும் இந்த முடிவு புதிதாகத் தோன்றாது.

இதுவரை படித்த வாசகர் இயல்பாக ஒரு முடிவுக்கு வருவார்: பரப்பு விரிந்தால் திறனும் கூடும். ஆளுநர் மில்லரின் நம்பிக்கையும் ஏறத்தாழ இதுவே. குழந்தைக்கு நல்ல ஒலியைக் கொடுத்தால் மூளையில் அதற்கு இடம் கூடும். இடம் கூடினால் அறிவு கூடும். அரசுச் செலவினத்தைப் பற்றி நாளிதழ்களில் வரும் விவாதங்களிலும் இதே தாவலைப் பார்க்கலாம். கல்விக்கு இத்தனை கோடி ஒதுக்கீடு என்றவுடன் கல்வி வளர்ந்துவிட்டதாகவே எழுதிவிடுகிறோம்.

எலிகள் இதற்கு உடன்படவில்லை. 2007-இல் பெர்க்லியைச் சேர்ந்த ஷாவோவென் பாவோவின் குழு, ஒரே அதிர்வெண்ணைக் கேட்டு வளர்ந்த எலிகளைப் பெரியவை ஆன பின் சோதித்தது. அந்த அதிர்வெண்ணுக்கு அவற்றின் மூளையில் பெரிய பரப்பு இருந்தது. ஆனால் அதற்கு மிக அருகில் உள்ள அதிர்வெண்களை அதிலிருந்து பிரித்தறிவதில் அவை சாதாரண எலிகளைவிட மோசமாகச் செயல்பட்டன. சற்றுத் தள்ளி, விரிந்த பரப்பின் விளிம்பில் இருந்த அதிர்வெண்களைப் பிரித்தறிவதில்தான் அவை மேம்பட்டிருந்தன. காரணம் புரியாததன்று. ஒரு சுரத்தை அடுத்த சுரத்திலிருந்து பிரித்தறிய, இரண்டுக்கும் வெவ்வேறு விதமாகத் துடிக்கும் செல்கள் வேண்டும். எல்லாச் செல்களும் ஒரே சுரத்தை நாடினால், சற்று விலகிய சுரத்துக்கும் அதே கூட்டமே எழுந்து நிற்கும். ஒரு கடைத்தெருவில் 40 கடைகள் இருந்து, நாற்பதிலும் ஒரே அளவு செருப்பு விற்றால் ஊராரின் கால்களுக்கு என்ன பயன்?

2011-இல் டெக்சாஸில் கில்கார்டின் ஆய்வுக்கூடத்திலிருந்து மற்றொரு முடிவு வந்தது. முன்பு சொன்ன மின்தூண்டல் முறையால் வரைபடத்தை விரித்துவிட்டுப் பயிற்சி கொடுத்தால், எலிகள் சுரங்களைப் பிரித்தறிய விரைவாகக் கற்றுக்கொண்டன. இதுவரை எதிர்பார்த்ததே. பயிற்சி பல வாரங்கள் நீடித்தபோது விரிந்த பரப்பு பழைய அளவுக்கே சுருங்கிவிட்டது. கற்ற திறனோ அப்படியே நின்றது. கற்கும்போது பல செல்களை வேலைக்கு அழைத்துச் சோதித்துப் பார்க்கும் மூளை, வேலைக்கு உகந்த சிலரைத் தேர்ந்ததும் மற்றவர்களை அவரவர் பழைய பணிக்கு அனுப்பிவிடுகிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். ஒதுக்கீடு நிரந்தரமாக இருப்பதால் பயன் வருவதில்லை. தேடும் காலத்தில் அது உதவுகிறது. எத்தனையோ மானியத் திட்டங்களைப் பற்றி இந்த வாக்கியத்தை எழுத ஆசைதான். ஆனால் எலியின் புறணியிலிருந்து மானியக் கொள்கைக்குத் தாவுவது, மில்லர் செய்த தாவலைவிடச் சிறியதாக இருக்காது.

தாவலே கூடாது என்பதும் சரியன்று. எலியிலிருந்து மனிதக் குழந்தைக்குப் பாலம் கட்டப்பட்ட ஓர் இடம் இருக்கிறது. அங்கே பொதுப்பணமும் செலவாகிறது. பிறவியிலேயே கேட்கும் திறன் இல்லாத குழந்தைகளுக்குப் பொருத்தும் காக்ளியர் கருவி அது. பெக்கெஷி கண்ட இட ஒழுங்கின் மேல்தான் அது நிற்கிறது. மனிதக் காதில் ஏறத்தாழ 3,500 உட்புற மயிர்ச்செல்கள் செய்யும் வேலையை, சுருளுக்குள் செருகப்பட்ட 12 முதல் 22 மின்முனைகள் செய்ய முயல்கின்றன. அடிப்பகுதிக்கு அருகில் உள்ள மின்முனையைத் தூண்டினால் உயர்ந்த சுருதி. உள்ளே போகப் போகத் தாழ்ந்த சுருதி. கரடுமுரடான இந்த வரைபடத்தைக் கொண்டு மூளை பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகுகிறது.

எந்த வயதில் பொருத்துகிறோம் என்பது இங்கே தீர்மானமான கேள்வி. இதற்கு எலியை நம்பவேண்டியதில்லை, குழந்தைகளிடமே அளந்திருக்கிறார்கள். அனு ஷர்மாவும் மைக்கேல் டார்மனும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஒலி கேட்டவுடன் புறணியிலிருந்து எழும் மின்னலை எவ்வளவு நேரத்தில் வருகிறது என்பதைக் கணக்கிட்டார்கள். மூன்றரை வயதுக்குள் கருவி பொருத்தப்பட்ட குழந்தைகளுக்கு அது, கேட்கும் திறனுள்ள குழந்தைகளின் அளவை எட்டியது. 7 வயதுக்குப் பின் பொருத்தப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு எட்டவில்லை. எலிக்குட்டியின் மூன்று நாள் கதவைக் குழந்தையின் வயதோடு நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆயினும் கதவு என்று ஒன்று உண்டு, அது மெல்ல மூடுகிறது என்ற செய்தி இரண்டிலும் ஒன்றே. 2023-இல் நியூயார்க்கின் ராபர்ட் ஃப்ரோம்கே குழு, செவிடாக்கப்பட்ட எலிகளுக்கே இந்தக் கருவியைப் பொருத்திப் பார்த்தது. மூளைத்தண்டில் விழிப்பையும் கவனத்தையும் ஆளும் ஒரு சிறு செல்தொகுதியைத் தூண்டியபோது அவை கருவிவழி கேட்க வெகு விரைவாகக் கற்றன. கருவியை வைத்தால் மட்டும் போதாது, மூளை கற்கவும் வேண்டும் என்று பேச்சுப் பயிற்சியாளர்கள் நெடுநாளாகச் சொல்லிவருவது இதுவே.

தமிழகத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் சிறு குழந்தைகளுக்கு இந்த அறுவைச் சிகிச்சை செய்யப்படுகிறது. பல லட்சம் ரூபாய் விலையுள்ள கருவி ஏழைக் குழந்தைக்குக் கிடைப்பது நல்ல செலவு என்றே நான் கருதுகிறேன். அதைப் பற்றிய அறிவிப்புகளில் வழக்கமாக முன்நிற்பது எத்தனை குழந்தைகளுக்குப் பொருத்தப்பட்டது, எத்தனை கோடி செலவானது என்ற இரண்டு எண்கள். மூன்றாவது ஒன்றையும் வெளியிட வேண்டும்: அறுவை நாளன்று அந்தக் குழந்தைகளின் சராசரி வயது என்ன? பிறந்த சில நாள்களில், தூங்கும் குழந்தையின் காதில் சிறு கருவியை வைத்துச் சில நிமிடங்களில் செய்துவிடக்கூடிய முதற்கட்டச் சோதனை இருக்கிறது. அதில் ஐயம் எழும் நாளுக்கும் அறுவை நாளுக்கும் இடையே எத்தனை மாதங்கள் கழிகின்றன, அதற்குப் பின் பேச்சுப் பயிற்சிக்கு எத்தனை மாதம் வருகிறார்கள், ஊரிலிருந்து பயிற்சி மையத்துக்கு வரப் பேருந்துக் கட்டணத்தை யார் தருகிறார்கள் என்பனவும் அந்த அறிக்கையின் அடுத்த பத்திகளில் இடம்பெற வேண்டியவை.